இலவச வழக்கும் நம் வழக்குதான்

 

இலவச வழக்கு பற்றி வழக்கறிஞர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. முதலில் கட்சிக்காரர்களைச் சேர்ப்போம், கால் ஊன்றிய பிறகு ஏழைகளுக்கு வாதாடுவோம் என்பது ஒரு கட்சி. தொண்டுக்காகத்தான் இந்தக் கறுப்பு அங்கி என்பது எதிர்க்கட்சி. நம் பார் கவுன்சில் விதிகளில் 46-ஆவது விதி இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. வசதியற்றவருக்கு இலவசமாக உதவுவது வழக்கறிஞரின் மிக உயர்ந்த கடமைகளுள் ஒன்று என்கிறது. அவரவர் பொருளாதார நிலைக்கு உட்பட்டு என்றும் சேர்த்துக்கொள்கிறது. குடும்பத்தைப் பட்டினி போட்டுத் தொண்டு செய்யச் சொல்லவில்லை. கால் ஊன்றும்வரை காத்திருக்கவும் சொல்லவில்லை.

பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த செய்தி 1979-இல் நாளிதழில் வந்தது. அதை வைத்து வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அந்தக் கைதிகள் அவருக்கு வக்காலத்து கொடுத்தவர்கள் அல்லர். பாடத்தில் நாம் படிக்கும் ஹுஸைனாரா காத்தூன் வழக்கு அதுதான். பின்னர் 1987-இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. ஏழைக்கு வக்கீல் கிடைப்பாரா என்ற கேள்விக்கு ஏட்டில் விடை வந்துவிட்டது. கிடைக்கும் வக்கீல் எப்படி வேலை செய்கிறார் என்பதை நாம்தான் சொல்லவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். குற்றப்பத்திரிகை 60 நாளில், கடும் குற்றமானால் 90 நாளில் வராவிட்டால், காவலில் இருப்பவர் டிஃபால்ட் பெயில் கேட்கலாம். கட்டணம் கொடுத்த கட்சிக்காரர் என்றால் அந்தத் தேதியை நம் குமாஸ்தாவே டைரியில் குறித்துவிடுவார். 61-ஆம் நாள் காலை மனு தயாராக இருக்கும். சட்ட உதவியில் வந்த ரிமாண்ட் கைதியின் தேதி பல டைரிகளில் ஏறுவதே இல்லை. நாம் மனுப் போடுமுன் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போயிற்று. இத்தனைக்கும் அது இரண்டு பக்க மனு. கட்டணம் வாங்கவில்லை என்பதாலேயே ஒரு வழக்கு தொண்டாகிவிடாது.

மூத்தவர்களுக்கும் ஒரு சொல். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குகளில் பத்தாண்டு அனுபவமாவது உள்ளவரையே சட்ட உதவிக்கு நியமிக்கவேண்டும் என்று 2019-இல் அனோக்கிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே சட்ட உதவி வழக்கு ஜூனியர் தலையில் கட்டிவிடும் வேலையன்று. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியது. பஸ் காசுக்கு வீட்டில் கையேந்தும் ஜூனியரிடம் தொண்டு பற்றிப் பேச எந்த சீனியருக்கும் வாய் வரக்கூடாது. 2022-இல் வந்த திட்டத்தின்படி மாதச் சம்பளத்தில் முழுநேர சட்ட உதவி வழக்கறிஞர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கிறார்களே என்று மற்றவர்கள் கைகழுவிவிட முடியாது.

என் தீர்ப்பு இது: கட்சிக்காரரைத் தேடுங்கள், நியாயமான கட்டணம் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தொழிலின் முதல் ஆண்டிலிருந்தே உங்கள் டைரியில் கட்டணமில்லாத வழக்கு ஒன்றாவது இருக்கட்டும். அதற்கும் அதே தயாரிப்பு, அதே குறுக்கு விசாரணை இருக்கட்டும். மூத்தவர்கள் ஜூனியருக்குரியதைக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு செஷன்ஸ் வழக்கையாவது சட்ட உதவியில் தாமே நின்று நடத்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.