கைக்கெட்டிய தூரத்தில் ஒரு மலர்



வீடு கலையைத் தின்றுவிடுகிறது என்பது எழுதுவோர் பலரின் புலம்பல். குழந்தை அழுகிறது, உலை கொதிக்கிறது, கவிதை பாதியில் நிற்கிறது. பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை பேசிவரும் இவ்வவைக்கு அப்புலம்பல் புதிதன்று. வேறொரு நாட்டில், வேறொரு கலையில், அதே நெருக்கடியில் நின்ற ஒரு பெண்மணியை இவ்வேளையில் நினைத்துப் பார்ப்பது பொருந்தும்.

இமோஜென் கன்னிங்ஹாம் 1883இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரில் பிறந்தவர். வேதியியல் கற்றவர். 1910இல் சியாட்டிலில் சொந்தமாக ஒளிப்பட நிலையம் தொடங்கி, மனித முகங்களைப் படமெடுத்துப் பெயர் பெற்றார். 1917இல் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. நிலையம் கைவிட்டுப் போயிற்று. அவ்வாண்டிலேயே இரட்டையர் பிறக்க, மூன்று ஆண்மக்களுக்குத் தாயானார். பிள்ளைகளை விட்டு வெகுதூரம் செல்ல வழியில்லை. வீட்டுத் தோட்டத்தில் செடிகள் இருந்தன. காமிராவை அவற்றின்பால் திருப்பினார்.

மலரை நெருங்கிப் படமெடுப்பது எளிய வேலையாகத் தோன்றும். அதன் கணக்கோ கடுமையானது. பூவை அதன் உண்மை அளவிலேயே தகட்டில் பதிக்க வேண்டுமானால், காமிராவின் துருத்தியை வில்லையின் குவியத் தூரத்தைப்போல் இருமடங்கு நீட்டவேண்டும். அப்போது தகட்டில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். முன்னிதழும் பின்னிதழும் ஒருங்கே தெளிவுபெற வில்லையின் துளையைச் சுருக்கவேண்டும். துளை எண் 16இலிருந்து 64க்குச் சென்றால், மிஞ்சிய ஒளியும் பதினாறில் ஒரு பங்காகும். ஒரு நொடியில் முடியவேண்டிய பதிவு ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும். அந்நேரம் முழுதும் இதழ் அசையலாகாது. மெல்லிய காற்றும் பகையாகும்.

நெருங்க நெருங்க ஒளி குறைகிறது. தெளிவை நாட நாட நேரம் நீள்கிறது. நேரமே கிடைக்காத ஒரு தாய், நேரத்தை மிகுதியாகக் கேட்கும் வேலையைத் தேர்ந்தெடுத்தார் என்பதே இவ்வரலாற்றின் வியப்பு.

1923 முதல் 1925 வரை மக்னோலியா மலரை அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். அதன் பயனாய்ப் பிறந்த படத்தில் கிளை இல்லை, இலை இல்லை, தோட்டமும் இல்லை. விரிந்த வெள்ளிதழ்களின் நடுவே சூலகக் கூம்பும் அதனடியில் நெருங்கி நிற்கும் மகரந்தத் தாள்களும் மட்டுமே உள்ளன. 1929இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. 1932இல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்டு வெஸ்டன் முதலியோருடன் அவர் சேர்ந்த குழு, அச்சிறு துளையின் எண்ணான 64ஐயே தன் பெயரில் தாங்கியது. 1976இல் மறையும்வரை அவர் காமிராவைக் கைவிடவில்லை.

மக்னோலியா நமக்கு அயல்மலர் அன்று. நம் செண்பகம் அந்த இனத்தைச் சேர்ந்ததே. செண்பகம் என்று பெயர் சொல்லி, மணம் என்று ஒரு சொல் சேர்த்துக் கடந்துபோகும் கவிதை வரிகள் எத்தனை! அம்மலரின் உள்ளே கூம்பொன்று நிற்பதை நின்று கண்ட வரிகள் எத்தனை?

வீடு குறுகியது என்னும் குறை இருக்கட்டும். கைக்கெட்டிய தூரத்தில் உள்ள ஒன்றை, காற்று ஓயும்வரை காத்திருந்து பார்த்த கண் எது என்பதே இந்த வட்டம் தன் அடுத்த பத்தாண்டுக்கு எடுத்துச் செல்லவேண்டிய கேள்வி. வாழ்க வட்டம்! வளர்க கவிதை!