ஞாயிறும் திங்களும்
(திருவிழாச் சொற்பொழிவின் சுருக்கம்)



நவக்கிரகங்களை வலம் வரும்பொழுது, "சூரியனும் சந்திரனும் எவற்றால் ஆனவை?" என்று நம் பிள்ளைகள் வினவுவதுண்டு. கோயிலில் கேட்கத்தக்க கேள்வியன்று எனக் கூறி அவர்களை அடக்குதல் தகாது. அறிவியல் தரும் விடை பக்திக்குப் பகையாகாது.

ஞாயிறு கனலும் வாயுக் கோளம். அதன் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பகுதி ஹீலியம். நடுவில் வெப்பம் சுமார் ஒன்றரைக் கோடி பாகை செல்சியஸ். அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது பிறக்கும் ஆற்றலே நம் தேயிலைச் செடிகளைத் தளிர்க்கச் செய்யும் வெயில்.

திங்களோ கல்லும் மண்ணும், தன்னொளி இல்லாதது. கதிரவன் ஒளியையே நமக்குத் திருப்பி அளிக்கிறது. வெண்மையாய்த் தெரிபவை அனார்த்தோசைட் என்னும் பாறை மிகுந்த மேட்டு நிலங்கள்; கறையாய்த் தெரிபவை பண்டைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள்.

அந்த அனார்த்தோசைட், தமிழகத்தின் நாமக்கல் வட்டாரத்துச் சித்தம்பூண்டியிலும் உண்டு. அதனைப் பொடித்து நிலவு மண்போலாக்கியே, சந்திரயான் கலங்கள் தரையிறங்கும் முறையை இந்திய அறிவியலார் சோதித்தனர். 23.8.2023 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. நம் முன்னோருள் சிலர் விட்டு வந்த பழைய சேலம் மாவட்டத்து மண்ணுக்கு நிலவிலும் உறவிருக்கிறது!

ஆகவே பெற்றோர்களே, பிரிஞ்சாங்கில் மூடுபனி விலகும் இரவுகளில் பிள்ளைகளுக்கு நிலவைக் காட்டுங்கள். வணங்கக் கற்ற பிள்ளை வினவவும் கற்கட்டும்.