ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா?



நான் சிறுவனாக இருந்த காலத்தில், மாலை வேளையில் எங்கள் லயத்தின் முதல் வீட்டில் கேட்கத் தொடங்கிய பாட்டை, நடந்துகொண்டே கடைசி வீடு வரை ஒரு சொல் விடாமல் கேட்டுவிடலாம். எல்லா வீட்டிலும் ஓடியது ஒரே தமிழ் வானொலிதான். இன்று நிலைமை வேறு. ஒரே வீட்டில் பாட்டிக்கு நாடகம், அண்ணனுக்குப் பந்து விளையாட்டு, தங்கைக்குப் பாடம் என்று ஆளுக்கு ஓர் ஓசை தேவைப்படுகிறது. ஆகவே காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன், இயர்போன் என்பவை அரிசி பருப்பைப்போல வீட்டுச் சாமான்களாகிவிட்டன. அவற்றைக் குறைந்த விலையில், நல்ல ஒலி தருவதாகப் பார்த்து வாங்குவது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இது என்ன பெரிய விஷயம், பசார் மாலாமில் கூடை கூடையாகக் குவித்து வைத்திருக்கிறார்களே என்று நீங்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டதும், கைப்பேசி வழியாகவே பாடம் நடத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், நான் சொல்லச் சொல்ல எழுதிய சொல்வதெழுதுதலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். ‘பள்ளி’ என்று நான் சொன்னது ‘பல்லி’ ஆகியிருந்தது. ‘மணம்’ என்றது ‘மனம்’ ஆகியிருந்தது. பத்துச் சொல்லில் ஆறு பிழை. கவனமில்லாத பிள்ளை என்று கைப்பேசியிலேயே கடிந்துகொண்டேன். பள்ளி திறந்த பிறகு, அவன் சட்டைப் பையில் வைத்திருந்த இயர்போனை ஏதோ ஒரு காரணத்துக்காக வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஊமை. மறுபக்கத்தில் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பாட்டுப் போட்டால் மட்டும் ‘டம் டம்’ என்று முழங்கியது. திட்டியவன் நான், குற்றமோ அந்த ஆறு வெள்ளிக் கருவியினுடையது. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நல்ல ஒலி என்றால் என்ன என்று அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன். நம்மில் பலர் முழக்கத்தையே நல்ல ஒலி என்று எண்ணிக்கொள்கிறோம். உறுமி அதிர்ந்தால் போதும், கருவி நல்ல கருவி! உண்மை அதுவன்று. ஒலியின் அதிர்வை ஹெர்ட்ஸ் என்னும் அளவால் குறிக்கிறார்கள். தவில், உறுமி ஆகியவற்றின் அடித்தொனி நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் அளவிலேயே இருக்கிறது. பேச்சு தெளிவாகப் புரிய மிகவும் வேண்டியதோ, ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. லகரமா, ளகரமா, ழகரமா என்று காது பிரித்து அறிவது பெரும்பாலும் அங்கேதான். மலிவுக் கருவிகள் சிலவற்றில் கீழ்த்தொனியை வேண்டுமென்றே தூக்கி வைத்துவிடுகிறார்கள். கடையில் கேட்டவுடன் மனத்தைக் கவர்ந்துவிடும். வீட்டுக்கு வந்து பாடம் கேட்டால் குரல் அமுங்கிப் போகும்.

ஆகவே நான் வைத்திருக்கும் சோதனை மிகவும் எளியது. கடைக்குப் போகுமுன் உங்கள் கைப்பேசியில், வீட்டில் தமிழ் நன்றாக உச்சரிப்பவர் ஒருவரைக் கொண்டு ‘அலகு, அளகு, அழகு; கரி, கறி; மனம், மணம்’ என்று நிதானமாகச் சொல்லச் செய்து பதிவு செய்துகொள்ளுங்கள். கடையில் அந்தக் கருவியை மாட்டி, ஒலியைப் பாதிக்கும் கீழே வைத்து அதைக் கேளுங்கள். மூன்று அழகும் மூன்றாகக் கேட்கிறதா? கேட்டால் அது நல்ல கருவி. ஒன்றுபோல் கேட்டால், விலை எவ்வளவாயினும் உங்கள் பிள்ளைக்கு அது வேண்டாம்.

இதைச் சொல்லும்போது ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது மொழிக்கூடத்தில் கனத்த ஹெட்போனை மாட்டிவிட்டு எங்கள் குரலையே பதிவு செய்து எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதுவரை இருபது ஆண்டுகளாக ‘வாளப்பளம்’ என்று சொல்லி வந்திருக்கிறேன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது!

பதிவைக் கேட்ட பிறகு நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைப் போடுங்கள். புதுப்பாட்டு உதவாது. எந்த இடத்தில் வீணை வரும், எங்கே புல்லாங்குழல் இழையும் என்று உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும் பழைய பாட்டாக இருக்கட்டும். வழக்கமாகக் கேட்கும் ஏதேனும் ஒன்று காணாமற் போயிருந்தால் உடனே தெரிந்துவிடும். கடைக்காரர் ஒலியைக் கூட்டிக் காட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். இரண்டு கருவிகளில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே சிறந்ததுபோல் நம் காதுக்குத் தோன்றும். இது மனிதக் காதின் இயல்பு. இரண்டையும் ஒரே அளவு ஒலியில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இனி, பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களுக்கு வருவோம். ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும். அது மனிதக் காதுக்கு எட்டும் எல்லை. அதை வைத்து நல்லது கெட்டது அறிய முடியாது. உள்ளே இருக்கும் ஒலிப்பானின் அகலத்தை 10 மில்லிமீட்டர், 14 மில்லிமீட்டர் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பெரிதாக இருப்பதாலேயே ஒலி சிறந்துவிடாது. ‘ஓம்’ என்னும் மின்தடை அளவை மட்டும் பாருங்கள். 16 அல்லது 32 ஓம் என்றிருந்தால் கைப்பேசிக்கும் சிறிய ரேடியோவுக்கும் பொருந்தும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்யப்படும் 250 ஓம், 300 ஓம் கருவிகளைக் கைப்பேசியில் செருகினால் ஒலி முனகும்.

எண்களைவிட முக்கியமானது, கருவி உங்கள் காதில் எப்படிப் பொருந்துகிறது என்பது. காது ஓட்டையில் சிலிக்கான் முனை வைத்துச் செருகும் வகையில், முனை சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருந்தால் கீழ்த்தொனி முழுவதும் வெளியே ஓடிவிடும். கருவி மோசம் என்று தூக்கி எறிபவர்களில் பலர் முனையை மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு முனைகள் பெட்டியிலேயே இருக்கும். பிள்ளைகளுக்குச் சிறியது. முனை இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக் வகை காதில் தொங்கிக்கொண்டு மட்டும் இருக்கும். வெளிச் சத்தமும் உள்ளே வரும். மூன்றாவது, தலைமேல் பட்டையும் காதின்மேல் பஞ்சும் வைத்த இலேசான வகை. 1979இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேன் கேசட் கருவியோடு கொடுத்தது இந்த வகையைத்தான். தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்க இதுவே ஏற்றது என்பது என் எண்ணம். காது புழுங்காது, அம்மா கூப்பிட்டாலும் கேட்கும். பஞ்சு கிழிந்தால் புதிது மாட்டலாம்.

கம்பி உள்ளதா, கம்பியில்லாததா? கையில் முப்பது, நாற்பது வெள்ளிதான் இருக்கிறது என்றால் தயங்காமல் கம்பி உள்ளதையே வாங்குங்கள். கம்பியில்லாக் கருவியில் அந்தப் பணம் பேட்டரிக்கும் புளூடூத் பொறிக்கும் பங்கு போய்விடும். ஒலிப்பானுக்கு மிஞ்சுவது கொஞ்சம். சில ஆண்டுகளில் பேட்டரி தளரும். பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது. ஒரு துண்டு கால்வாயில் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. கம்பி வகைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எஃப்.எம். வானொலிப் பொறி உள்ள கைப்பேசிகள் பலவற்றில், செருகிய இயர்போன் கம்பியே ஏரியலாக வேலை செய்கிறது. இணையம் சரியாக எட்டாத தோட்டங்களிலும் காசு செலவில்லாமல் வானொலி கேட்கலாம்.

கம்பி உள்ளதை வாங்கும்போது செருகு முனையைக் கவனியுங்கள். முதலில் உங்கள் கைப்பேசியில் உருண்டைத் துளை இருக்கிறதா, சார்ஜ் செய்யும் தட்டைத் துளை மட்டும்தானா என்று பாருங்கள். அதற்கேற்ற முனை வேண்டும். உருண்டை முனையில் மூன்று வளையக் கோடுகள் இருந்தால் பேசுவதற்கு மைக்கும் உண்டு. இரண்டு கோடுகள் இருந்தால் கேட்க மட்டுமே. ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பிள்ளைக்கு மைக் வேண்டும். பழைய சிறிய ரேடியோக்கள் சிலவற்றில் செருகினால் ஒரு காதில் மட்டுமே ஒலி வரும். அது இயர்போனின் பழுதன்று. ரேடியோவின் துளை ஒற்றை ஒலிக்கென்று செய்யப்பட்டது. கடையிலேயே பாட்டை ஓடவிட்டு, முனைக்குப் பக்கத்திலும் கம்பி இரண்டாகப் பிரியும் இடத்திலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். கரகரவென்றாலோ ஒலி விட்டு விட்டு வந்தாலோ வேறொன்று கேளுங்கள். கம்பி பெரும்பாலும் அறுவது அந்த இரண்டு இடங்களில்தான். பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு எட்டு வெள்ளிக்கு விற்றால் அது போலி என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்படி ஒன்றை வாங்கி ஒரே வாரத்தில் குப்பையில் போட்டவன் நான்.

பிள்ளைகளுக்குக் கருவி வாங்குவது பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த மாணவனின் வீட்டுக்கு நான் போனபோது கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் தந்தை செம்பனைக் காட்டில் புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். காலையிலிருந்து அவர் காதில் இயர்போன். மெஷின் சத்தத்தை மிஞ்சிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒலி முழு அளவில். நான் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டார். அவர் மனைவி அவரிடம் கத்தித்தான் பேசுகிறார். அந்த வீட்டில் அது பழகிப் போய்விட்டது.

புல் வெட்டும் மெஷினின் சத்தம் பல வேளைகளில் 90 டெசிபெலைத் தாண்டுகிறது. அதன்மேல் பாட்டையும் ஏற்றினால் காதுக்குள் நுழைவது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபெலுக்கு மேல் போகக்கூடாது, பிள்ளைகளுக்கு 75 என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90 டெசிபெல் ஆனால் பெரியவர்களுக்கே வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரந்தான். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. வேலையிடச் சத்தம் பற்றி நம் நாட்டில் 2019இல் வந்த விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. அதைத் தாண்டும் வேலைக்குக் காதுக் காப்பு கொடுப்பது முதலாளியின் கடமை. கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள். இயர்போன் காதுக் காப்பு ஆகாது. மேலும், மட்டை விழும்போது ‘தள்ளிப் போ’ என்று பக்கத்து ஆள் போடும் சத்தம் உங்கள் காதில் விழ வேண்டாமா? மோட்டார் சைக்கிளிலும் அப்படியே.

வீட்டில் கேட்கும்போதும் கைப்பேசியின் ஒலியளவில் அறுபது விழுக்காட்டைத் தாண்ட விடாதீர்கள். கை நீட்டும் தூரத்தில் நின்று நீங்கள் சாதாரணமாகப் பேசுவது பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் ஒலி அதிகம். மூன்று ‘அழகு’ம் குறைந்த ஒலியில் தெளிவாகக் கேட்கும் கருவியைத் தேடச் சொன்னது இதற்காகவும்தான். தெளிவில்லாத கருவியை வைத்திருப்பவர் புரியவில்லை, புரியவில்லை என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்.

கடைசியாக ஒன்று. சிலிக்கான் முனையை அண்ணன் தம்பிகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டாம். வாரம் ஒரு முறை முனையைக் கழற்றிச் சவர்க்கார நீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு இயர்போனே கூடாது. கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

அந்த மாணவனுக்கு அவன் தாயார் பஞ்சு வைத்த ஹெட்போன் ஒன்றை இருபத்தெட்டு வெள்ளிக்கு வாங்கித் தந்தார். கடையில் ‘அலகு, அளகு, அழகு’ பதிவைப் போட்டுக் கேட்டு, மூன்றாவதாகப் பார்த்ததைத்தான் எடுத்தார்களாம். தந்தையிடம் காதுக் காப்பு பற்றி நான் இரண்டு முறை பேசிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் போக வேண்டும்.