கர்ப்ப காலத்தில் ஏறும் பிறசர்: தலையிடியைச் சாதாரணமாக நினைக்காதீங்க
(கிளிநொச்சியில் குடியிருக்கும் மலையக வம்சாவளித் தாய்மாரிடையே ஆற்றப்பட்ட உரை. தோட்டத்து உறவுகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



இங்கே இருக்கிற அநேகம் பேருடைய குடும்பங்கள் 1958, 1977, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்தவை. மலையாளபுரம், பாரதிபுரம் என்று காடு வெட்டிக் குடியேறினீர்கள். உங்கள் அக்காமாரும் மச்சாள்மாரும் இன்னமும் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார்கள். கொழுந்துக்காரிக்கும் வயலில் கூலிக்குப் போகிறவளுக்கும் கஷ்டம் ஒன்றுதான். கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் இல்லை. அதனால் "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். அந்த அடுத்த முறைக்குள் என்ன நடக்கலாம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

கர்ப்பம் தரித்து 20 கிழமைக்குப் பிறகு சில தாய்மாருக்குப் பிறசர் ஏறுகிறது. மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அல்லது அதற்கு மேலே போனால் அது உயர் குருதியமுக்கம். அதோடு சிறுநீரில் புரதமும் போனால் அது முன்சன்னி நோய். உலகத்தில் நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு இது வருகிறது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம்; தாயும் பிள்ளையும் போகக்கூடும்.

இது ஏன் வருகிறது? கண்ணூறும் இல்லை, செய்வினையும் இல்லை. தேயிலை நாற்றை நினைத்துப் பாருங்கள். வேர் ஆழமாக இறங்கினால்தான் செடி செழிக்கும். நஞ்சுக்கொடியும் அப்படித்தான், கருப்பையில் வேர் விட்டு அங்குள்ள இரத்தக் குழாய்களை அகலமாக்க வேண்டும். பிள்ளையின் உடம்பில் பாதி தகப்பனுடையது. தாயின் உடம்புக்கு அது அந்நியம். ஆனாலும் தாயின் நிர்ப்பீடனம், அதாவது நோயை எதிர்க்கும் காவற்படை, அதைத் தாக்காமல் வேர் விட உதவி செய்கிறது. அந்த உதவி சரியாக நடக்காவிட்டால் குழாய்கள் ஒடுக்கமாகவே இருந்துவிடும்.

இரத்தம் போதாத நஞ்சுக்கொடி தாயின் இரத்தத்தில் சில பொருட்களைக் கலக்கிறது. காவற்படை உடம்பு முழுக்க உஷாராகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதாகி, குழாய் இறுகி, பிறசர் ஏறுகிறது. சிறுநீரகம் ஒழுகிப் புரதம் வெளியே போகிறது. மூளை பாதிக்கப்பட்டால் தலையிடியும் வலிப்பும், ஈரல் பாதிக்கப்பட்டால் மேல்வயிற்று நோவும் வரும்.

இப்படிப்பட்ட தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள் சி.ஆர்.பி., இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். அல்ஃபா என்ற அழற்சி அடையாளங்கள் கூடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். "அப்படியானால் நாங்களும் காசு கொடுத்து சி.ஆர்.பி. பார்க்கலாமா?" என்று கேட்பீர்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்க அது தேவையில்லை. காய்ச்சல் வந்தாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும், உடம்பு பருத்திருந்தாலும் சி.ஆர்.பி. கூடும். அந்த எண்ணை மட்டும் வைத்து இந்த நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. கையில் பட்டி கட்டிப் பார்க்கிற பிறசரும் சிறுநீர்ச் சோதனையும்தான் முக்கியம். இரண்டும் கிளினிக்கில் இலவசம்.

இன்னொரு விஷயம். அழற்சி என்று கேள்விப்பட்டவுடன் கடையில் வீக்கத்துக்கும் நோவுக்கும் குளிசை வாங்கிப் போடாதீங்க. டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவை பிள்ளையின் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பாதிக்கக்கூடும். முந்திய பிரசவத்தில் பிறசர் இருந்தவர்கள், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் ஆகியோருக்கு டொக்டர் குறைந்த அளவு அஸ்பிரின் தரலாம். 16 கிழமைக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதனால்தான் கர்ப்பம் தெரிந்த உடனேயே மருத்துவமாதுவிடம் பதியச் சொல்கிறோம். கிளினிக்கில் தருகிற கல்சியம் குளிசையையும் அலுமாரியில் வைக்காதீங்க. கல்சியம் குறைவாகச் சாப்பிடுகிற பெண்களுக்கு இந்த நோய் வருவதை அது குறைக்கிறது.

இந்த அறிகுறிகளை மனதில் வையுங்கள்: விடாத தலையிடி, கண் மங்குதல் அல்லது பொறி பறத்தல், நெஞ்சுக்குக் கீழே வலப்பக்கம் நோவு, மூச்சு வாங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல். கால் வீக்கம் பலருக்கும் வரும். ஆனால் பிறசர் பார்க்காமல் "நீர் இறங்குது" என்று முடிவு கட்டாதீங்க. ஒரு அறிகுறியும் இல்லாமலும் பிறசர் ஏறலாம், அதனால் சுகமாக இருந்தாலும் கிளினிக் நாளைத் தவறவிடக் கூடாது.

வலிப்பு வந்தால் தாயை இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பதும், வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆஸ்பத்திரியில் மக்னீசியம் சல்பேற்று ஊசி உண்டு. 2002 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சுமார் பத்தாயிரம் தாய்மாரிடம் பார்த்தபோது, இந்த ஊசி வலிப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது.

நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் தணியத் தொடங்கும். ஆகவே டொக்டர் "முந்திப் பிள்ளையை எடுக்க வேணும்" என்றால் மறுக்காதீங்க. பிள்ளை பிறந்த பிறகும் சில நாட்களுக்கு வலிப்பு வரலாம், தலையிடி வந்தால் திரும்பவும் ஓடி வாங்க. இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பும் கூட. வருஷத்துக்கு ஒரு முறையாவது பிறசர் பாருங்கள்.

கடைசியாகத் தகப்பன்மாருக்கும் மாமிமாருக்கும் ஒரு வார்த்தை. இந்த நாட்டில் 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அந்தத் தொகை பின்னர் ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. மருத்துவமாது வீடு வீடாக நடந்ததும், தாய்மார் கிளினிக்குக்கு வந்ததும் அதற்குப் பெரிய காரணங்கள். ஒரு நாள் கூலியைப் பிறகு உழைக்கலாம், தாயை உழைத்து வாங்க முடியாது. கிளினிக் நாளன்று அவளை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.