தட்டில்லா ஆட்டங்கள்



என் மேசை இழுப்பறையில் அண்மைக்காலம் வரை ஒரு பழைய கார்ட்ரிட்ஜ் கிடந்தது. பள்ளிச் சிறுவனாயிருந்தபொழுது நான் வாங்கிய வீடியோ விளையாட்டு அது. அதனை இரவல் பெற்ற நண்பன் ஒரு கோடை விடுமுறை முழுவதும் திருப்பித் தரவில்லை. அதன் பொருட்டு இருவரும் சில மாதங்கள் பேசாதிருந்தோம். அப்பொருள் எனக்குச் சொந்தமாயிருந்தமையால் அன்றோ இரவல் கொடுக்கவும் முடிந்தது, சண்டையிடவும் முடிந்தது!

அக்காலத்தில் ஆட்டம் முழுவதும் அச்சிறு பெட்டிக்குள்ளேயே இருந்தது. 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஏறத்தாழ 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்றைய பெரிய ஆட்டங்கள் சில 100 கிகாபைட்டையும் தாண்டுகின்றன. ஆயினும் பொருளின் பருமனைவிட உரிமையின் தன்மையே பெரிதும் மாறியிருக்கிறது.

2003-இல் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையைத் தொடங்கியது. மறு ஆண்டு வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ ஆட்டத்தைத் தட்டாக வாங்கியவரும் ஸ்டீமில் பதிவு செய்துகொண்ட பின்னரே ஆட முடிந்தது. 2019-இல் தட்டு நுழைக்க வழியே இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன்று விற்பனைக்கு வந்தது. 2023-இல் ‘ஆலன் வேக் 2’ முதலில் தட்டின்றியே வெளியிடப்பட்டது.

இம்மாற்றத்தால் நன்மையே இல்லை என்பது நேர்மையாகாது. தட்டு அச்சிடவும் கடைதோறும் அனுப்பவும் பொருளில்லாத இரண்டொரு இளைஞர்கள் தாம் படைத்த ஆட்டத்தை உலகெங்கும் விற்கின்றனர். முன்னர் அவர்களுக்கு ஏது அந்த வாய்ப்பு?

எனினும் ‘தி க்ரூ’ என்னும் கார்ப்பந்தய ஆட்டத்தின் கதையைக் கேளுங்கள். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் அதனை வெளியிட்டது. அமெரிக்க நாட்டின் சுருக்கிய வடிவில், கடற்கரை முதல் கடற்கரை வரை காரோட்டலாம். ஒருவர் தனியே ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அந்தச் சர்வர்கள் நிறுத்தப்பட்டன, ஆட்டமும் நின்றது. தட்டை அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். ஆகவே தட்டு இருந்தால் போதும் என்று எண்ணுவதும் பேதைமையே.

அவ்வாண்டே ராஸ் ஸ்காட் என்பவர் இதனை எதிர்த்து இயக்கம் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவ்வியக்கத்தின் விண்ணப்பத்தில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கலிபோர்னியாவிலோ 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. விற்பவர் பின்னர் திரும்பப் பெறக்கூடிய மின்பொருளை விற்குமிடத்தில், ‘வாங்குக’ என்று மட்டும் எழுதிவிட முடியாது. கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். சட்டம் சொல்லச் சொல்கிறதே தவிர, கொடுக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடையே மூடப்படுவதும் உண்டு. நின்டெண்டோ நிறுவனம் தன் ‘வீ யூ’, ‘3டிஎஸ்’ கருவிகளுக்கான இணையக் கடையில் 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தியது. முன்னரே வாங்கியவர்கள் மீண்டும் இறக்கிக்கொள்ள வழி விடப்பட்டது. புதியவர்களுக்குக் கதவு அடைபட்டது. அங்கு மட்டுமே விற்கப்பட்ட ஆட்டங்களுக்குப் பழைய கடையும் இல்லை, கைமாற்றுத் தட்டும் இல்லை. நாளைய ஆராய்ச்சி மாணவன் அவற்றை எங்கே தேடுவான்?

அதே நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ‘ஸ்விட்ச் 2’ கருவிக்கு ஒரு புதுவகை அட்டையும் வந்திருக்கிறது. தோற்றத்தில் கார்ட்ரிட்ஜ், உள்ளே ஆட்டமில்லை, ஆட்டத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டுமே. இரவல் கொடுக்கலாம் என்பது ஓர் ஆறுதல்.

சென்ற மாதம் என் தமக்கை மகன் வந்திருந்தான். தன் கணக்கில் நாற்பது ஆட்டங்கள் இருப்பதாகப் பெருமை பேசினான். “அவற்றுள் ஒன்றை உன் தோழனுக்கு இரவல் கொடுப்பாயா?” என்று கேட்டேன். “அது முடியாது, மாமா” என்றான். பிறகு சிறிது யோசித்து, என் பழைய கார்ட்ரிட்ஜையும் கருவியையும் கேட்டு வாங்கித் தோழன் வீட்டிற்கு எடுத்துச் சென்றான். மூன்று வாரம் ஆயிற்று. இன்னும் திரும்பி வரவில்லை.