மியூனிக்கில் ஞாயிற்றுக்கிழமை



ஜெர்மனியில் மியூனிக் நகரில் ஆறு வருஷமாக வேலை. சம்பளம், குளிர் பற்றியெல்லாம் காலையிலிருந்து எல்லோரும் கேட்டாச்சு. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று கடைகளைச் சட்டப்படி மூடிவிடுவார்கள். பால் தீர்ந்தால் பெரிய ரயில் நிலையத்துக்குத்தான் ஓட வேண்டும். முதல் குளிர்காலத்தில், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், என் மனைவி "ஊருக்கே போயிடலாங்க" என்று அழுதாள். நானும் டிக்கெட் விலை விசாரித்துவிட்டேன்.

வழி கண்டுபிடித்ததும் அவள்தான். ஞாயிறுதோறும் ஒரு டிராம் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்கி நடப்பது. 25-ம் எண் டிராம் கிரூன்வால்டில் முடியும். ஈசார் ஆற்றங்கரைக் காடு நடக்கிற தூரம்தான். ஆற்றின் நடுத்தீவிலேயே டாய்ச்சஸ் மியூசியம், 1925-ல் திறந்த கட்டடம். நிறுவிய ஆஸ்கர் ஃபான் மில்லர் நம்மவர், அதாவது இன்ஜினியர்! உள்ளே பாலங்கள் பகுதியில் நாமே ஏறி நடக்க ஒரு பாலம். அதில் நின்று, "இதெல்லாம் நீங்க படிச்சதுதானே, சொல்லுங்க" என்றாள். இந்தக் கல்லூரி ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பு அன்றைக்குக் கைகொடுத்தது, சார்.

ஊர் திரும்பும் பேச்சு இன்னும் குளிர்காலத்தில் வரும். ஆனால் இரண்டு டிராம் பாதை பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறாள்.