நின்ற இடத்திலிருந்து
(சாந்தன்பாறையில் கலைக்குழுத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



1989 சனவரி 1 அன்று, தில்லியை அடுத்த சாகிபாபாத்தில், வீதி நாடகம் நிகழ்த்திய ஜன நாட்டிய மஞ்ச் குழு தாக்கப்பட்டது. தொழிலாளி ராம் பகதூர் கொல்லப்பட்டார்; மறுநாள் சப்தர் ஹாஷ்மி உயிர்நீத்தார். சனவரி 4 அன்று, அவருடைய துணைவியார் மலயஸ்ரீ குழுவினருடன் அதே இடத்திற்குத் திரும்பி, பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார். அச்சத்தை உதறி மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர்.

நம் கூட்டங்களிலோ, தலைவர் வந்து சேரும்வரை ஆட்கள் கலையாதிருக்கவே பாட்டு! இவ்வழக்கம் ஒழிய வேண்டும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்களை மண் மூடியதில் 70 உயிர்களை இழந்தோம். அத்துயரைத் தனித்தனியே அழுதால் கண்ணீராகவே வற்றும். ஊர்கூடி அரங்கில் உரைத்தால், பாதுகாப்பான வீடு கேட்கும் குரலாகும். அந்நாடகத்தை ஏலக்காட்டுத் தோழர்களாகிய நீங்களே எழுதுங்கள்.